பஞ்சுவின் மூன்றாவது இசைத்தட்டு

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கூட வாசித்தவர்கள் வைத்தது. கிட்டார் வாசிக்கிற பலரும் விரலிடுக்கில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சில்லைப் பிடித்துக்கொண்டு கம்பியைத் தட்டுவார்கள். அதற்கு பிக் என்று பெயர். இவன் அதைத் தொட்டதே இல்லை. கட்டைவிரல் சதையால் கம்பியைத் தடவுவான், தூங்குகிற குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி. ஜாஸ் கேட்கிறவர்கள், அதாவது ஊரில் மொத்தம் ஒரு நாற்பது பேர், அந்தக் கையைக் கொண்டாடினார்கள். நாற்பத்தாறு வயதுக்குள் அவனுடைய இசைத்தட்டுகள் இரண்டு வந்திருந்தன. இரண்டையும் கேட்டது அதே நாற்பது பேர்தான்.

அந்தக் கை ஏன் அப்படி ஆனது என்று நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவன் அப்பா தகரப் பட்டறைக்காரர். வாளி, புனல், எண்ணெய் டின் என்று எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பார். பட்டறையில் தகரத்துக்கு விழுந்தது போக மிச்சம் வீட்டில் விழும். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். இடது கையால் தாடையைப் பிடித்துக்கொள்வார், அறை விழும்போது முகம் அந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாது அல்லவா. அப்புறம் வலது கை வரும். ஒன்றோடு நிற்காது, ஒரே சீராக வந்துகொண்டே இருக்கும். முடித்துவிட்டு மூச்சு வாங்க, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார். இந்தப் பழமொழியை எவன் சொன்னானோ, வாங்கியவன் சொல்லியிருக்க மாட்டான். பஞ்சுவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை யாரையும் அணைத்ததில்லை.

பதினாறு வயதில் ஒரு நாள் அம்மா பட்டறை மேஜையின் விளிம்பில் போய் விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் வந்தது. பஞ்சு சுத்தியலை எடுத்து அப்பாவின் தலைக்கு நேராக ஓங்கிவிட்டான். ஓங்கிய கை அவன் கண்ணில் பட்டது. அதே தடித்த கட்டைவிரல், அதே கட்டையான மணிக்கட்டு. அப்பாவின் கை அவன் தோளில் முளைத்திருந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு வெளியேறினான். இனி இந்தக் கை எதன் மேலும் ஓங்கி இறங்காது என்று சபதம் செய்துகொண்டான். கம்பியின் மேல்கூட இறங்கவில்லை. முப்பது வருஷம் அந்தச் சபதம் நின்றது, அதைச் சும்மா சொல்லிவிடக் கூடாது.

அவன் மனைவி துணி திருத்துகிற கடையில் தையல் வேலை பார்த்தாள். சட்டைக் கையைக் குறைப்பது, இடுப்பைப் பிரிப்பது, கிழிந்ததைத் தெரியாமல் சேர்ப்பது எல்லாம் அவள் வேலை. அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் அவளுடைய வலது மணிக்கட்டை உடைத்தான். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதால் இடது கையால் கத்தரிக்கோல் பிடிக்கப் பழகிக்கொண்டாள். பஞ்சு அவளைப் பார்த்தது அந்தக் கடையில்தான். கோட்டின் வலது கையை ஒரு விரலளவு குறைக்க வேண்டும் என்று போய் நின்றான்.

"சரியாத்தானே இருக்கு? எதுக்குக் குறைக்கணும்?" என்றாள்.

"வாசிக்கும்போது பொத்தான் கிட்டார் மேல படுது. டொக்குனு ஒரு சத்தம்."

"ஒரு பொத்தான் சத்தம்கூடத் தாங்காதா உங்களுக்கு?"

"தாங்காது" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"கை ஓங்கக் கூடாது. என் மேல மட்டும் இல்லீங்க, யார் மேலயும். ஒருத்தன அடிச்ச கைக்கு அடுத்த ஆள் யாருன்னு அதுக்கே தெரியாது. ஓங்கின அன்னைக்கே நான் கிளம்பிடுவேன். அழுதாலும் நிக்க மாட்டேன்."

பஞ்சு சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவனைப் பொறுத்தவரை அது நிபந்தனையே இல்லை. ஒன்பது வருஷம் அந்த வீட்டில் கதவுகூடப் படாரென்று சாத்தியதில்லை.

அவன் கூட இரண்டு பேர் வாசித்தார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் அவனுடைய தங்கச்சி புருஷன். பெயர் இடி. அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பாஸ் கிட்டார் வாசிப்பவன் நெட்டை. வாசல் நிலையில் தலை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை, வாயும் ஆளைப் போலவே நீளம். பஞ்சுவைவிடப் பதினெட்டு வயது சின்னவன். அண்ணே, அண்ணே என்று உயிரை விடுவான்.

மூன்று பேரும் ஒரு பெரிய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் சனிக்கிழமை தோறும் வாசித்தார்கள். ஸ்பூன் சத்தத்துக்கு நடுவே ஜாஸ் போய்க்கொண்டிருக்கும். யாரும் மேடையைப் பார்த்ததாக வரலாறு கிடையாது. அப்படி ஒரு சனிக்கிழமை ஏதோ பிறந்தநாள் மேஜையில் மச்சானும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். முதலில் ஒரு தட்டு பறந்தது. பிறகு ஒருவன் இன்னொருவனின் பின்கழுத்தைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். கண்ணாடி நொறுங்கியது. பெண்கள் அலறினார்கள். அவன் மறுபடி மோதினான், மறுபடியும்.

இடி கொழுப்பெடுத்தவன். அந்த மோதல் ஒவ்வொன்றுக்கும் டிரம்மில் ஒரு தட்டு கொடுத்துக்கொண்டே வந்தான். நெட்டை சிரித்தபடி கூடச் சேர்ந்தான். பஞ்சு நிறுத்தச் சொல்லத்தான் கையைத் தூக்கினான். தூக்கிய கை நாலாவது மோதலுக்குச் சரியாகக் கம்பிகளின் மேல் இறங்கியது. தடவவில்லை, அறைந்தது. ஐந்தாவது கம்பி அறுந்து அவன் கன்னத்தைக் கிழித்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் முதல் தடவையாக மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். மோதிக்கொண்டிருந்தவனும் பார்த்தான்.

அன்றைக்கு அவன் பயந்தது உண்மை. பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது, அதுவும் உண்மை.

"மச்சான், நம்ம மூணாவது ரெக்கார்டு இதுதான்" என்றான் இடி, ஓட்டல் வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "ஜாஸ் போதும். முப்பது வருஷமா ஒருத்தனயும் எழுப்ப முடியல உன்னால. ஃபங்க் பண்ணுவோம். ஒரே ஒரு ராகத்துண்டு, ஒரே ஒரு தாளம், கேக்கிறவன் இடுப்பு தானா ஆடணும்."

"எனக்கு அந்தக் கை கிடையாதுடா மாப்ள."

"இன்னிக்கு இருந்துச்சே."

ஜாஸில் முதல் எண்ணிக்கையை யாரும் பெரிதாகச் சீண்ட மாட்டார்கள். இரண்டிலும் நாலிலும் லேசாகச் சாய்ந்து, நழுவி, பிறகு வந்துகொள்கிறேன் என்று போய்க்கொண்டே இருக்கும். ஃபங்க் அப்படி இல்லை. எல்லோரும் அந்த முதல் எண்ணிக்கையில், ஒன்றில், வந்து விழ வேண்டும். ஒன்று சரியாக விழுந்தால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும். கிட்டார்காரனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வலது கை மேலும் கீழுமாக நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இடது கை கம்பிகளின் வாயைப் பொத்திப் பிடித்திருக்கும். எங்கே சத்தம் வேண்டுமோ அங்கே மட்டும் பிடியைத் தளர்த்தி, உடனே மறுபடி பொத்திவிட வேண்டும். இதைப் படிய வைக்க ஒரு ஆளுக்கு இரண்டு வருஷம் ஆகும் என்பார்கள். பஞ்சு இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டான். ஒரு கை பிடித்துக்கொள்ள இன்னொரு கை சீராக வந்து விழுகிற வித்தை அவன் வீட்டில் பார்த்து வளர்ந்ததுதானே. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிக் வாங்கினான். வீட்டில் பழகவில்லை, இடியின் வீட்டு மாடியறையில் பழகினான். மனைவி கேட்டபோது, "புது மாதிரி ஒண்ணு பண்றோம், வந்ததும் கேளு" என்றான்.

ஒலிப்பதிவுக் கூடம் முன்பு இறைச்சி வைக்கிற குளிர்க் கிடங்காக இருந்த இடம். சுவர்கள் இரண்டு முழக் கனம், உள்ளே ஆளை வெட்டினாலும் தெருவுக்குக் கேட்காது. கூரையில் கொக்கிகள் அப்படியே தொங்கின. மைக் வயர்களை அதில்தான் மாட்டியிருந்தார் ஒலிப்பதிவு செய்கிற அம்மாள். அறுபது வயது, தடித்த கண்ணாடி, பேச்சு குறைவு. அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிநாடாச் சுருள்களோடு உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதல் மூன்று நாள் ஏழு பாட்டுகள் நன்றாகவே முடிந்தன. நாலாம் நாள் எட்டாவது பாட்டு. அதுதான் இசைத்தட்டின் முதல் பாட்டாக வர வேண்டும் என்று இடி முடிவு கட்டியிருந்தான். மூன்று பேரும் எண்ணிக்கை முடிந்து ஒன்றில் ஒரே அறையாக விழ வேண்டும். பதினாறு முறை எடுத்தார்கள். பதினாறு முறையும் பஞ்சு ஒரு மயிரிழை பின்னால் விழுந்தான். முப்பது வருஷத்துப் பழக்கம், கை கடைசி நொடியில் தயங்கியது.

இடி குச்சியைச் சுவரில் எறிந்தான். "கம்பிகிட்ட அனுமதி கேக்குறியா மச்சான்? அறைடா!"

நெட்டைக்குப் பசி. பசி வந்தால் அவன் நாக்குக்குக் கண் தெரியாது. இடியின் வாயிலிருந்து பஞ்சுவின் வீட்டுக் கதையெல்லாம் அவனுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. பதினேழாவது முறைக்கு நாடா ஓட ஆரம்பித்தது. இடி குச்சியைத் தட்டி எண்ணத் தொடங்கினான். "ஒண்ணு, ரெண்டு..." நெட்டை பாஸ் கிட்டாரோடு ஒரு எட்டு முன்னால் வந்து, பஞ்சுவின் முகத்துக்கு நேரே குனிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே வாயசைத்தான். "உங்கப்பா மாதிரி அடிங்கண்ணே." சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான். "...மூணு, நாலு."

ஒன்றில் பஞ்சுவின் வலது கை இறங்கியது. கம்பியில் இல்லை. நெட்டையின் இடது கன்னத்தில்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, இங்கே காடு இல்லை, ஒரு முகம் இருந்தது. பல் உதட்டைக் கிழித்தது. நெட்டையின் தலை ஒரு கொக்கியில் போய் இடித்து, கொக்கி ஊஞ்சல் மாதிரி ஆடியது. அவன் வாயிலிருந்து 'ஹக்' என்று ஒரு மூச்சு. இடி குனிந்து டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அறைந்த சத்தத்தைக் கேட்டான், ஆளைப் பார்க்கவில்லை. ஒன்று சரியாக விழுந்த சந்தோஷத்தில் இரண்டில் நுழைந்துவிட்டான். நுழைந்த தாளத்தை எப்படி நிறுத்துவது? நெட்டை சுவரில் சாய்ந்தபடி வாயில் வந்த ரத்தத்தைத் துப்பினான். துப்பிவிட்டு, பஞ்சுவைக் கொன்றுவிடுகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டே, பாஸ் கம்பியைப் பிய்த்து வாசிக்க ஆரம்பித்தான். பஞ்சு கம்பிகளை அறைந்தான், அறைந்தான், அறைந்துகொண்டே இருந்தான். பிக் எங்கோ தெறித்துவிட்டது, நகம் பெயர்ந்து கிட்டாரின் வெள்ளைத் தகட்டில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. நாலு நிமிஷம் பதினோரு நொடி.

கடைசித் தட்டு ஓய்ந்ததும் நெட்டை பாஸ் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான். பத்திரமாக வைத்தான், தொழில்காரன் அல்லவா. பிறகு வந்து பஞ்சுவின் விலாவில் ஒரு குத்து விட்டான். பஞ்சு மடங்கியதும் முழங்காலால் இன்னொன்று. இருவரும் உருண்டார்கள். மைக் தாங்கிகள் சாய்ந்தன, ஒரு நாற்காலி மோதிக் கண்ணாடித் தடுப்பு விரிசல் விட்டது. பஞ்சு நெட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவனுடைய இடது கை நெட்டையின் தாடையைப் பிடித்திருந்தது. வலது கை தூக்கி நின்றது. அந்த நேரம் இடி வந்து பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பஞ்சு பிறகு பல தடவை யோசித்திருக்கிறான். யோசித்துப் பதில் தெரியாதது மாதிரி நடித்திருக்கிறான்.

ஒலிபெருக்கியில் அம்மாளின் குரல் வந்தது. "எல்லாரும் உள்ள வாங்க. இத நீங்க கேக்கணும்."

போய்க் கேட்டார்கள். எண்ணிக்கை, பிறகு அந்தச் சத்தம். டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, உலகத்தில் எந்த வாத்தியத்திலும் அது கிடையாது. அது ஒன்றில் விழுந்திருந்தது. மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைத் தொடர்ந்து வந்த பாட்டு மூன்று வெறிநாய்கள் ஒரே சங்கிலியில் ஓடுகிற மாதிரி ஓடியது. வாயில் கைக்குட்டையை அழுத்தியிருந்த நெட்டைதான் முதலில் பேசினான், உதடு வீங்கியதால் சொல் குழறியது.

"அண்ணே, இது இருக்கட்டும். இத மறுபடி எடுக்க முடியாது."

இதைத்தான் நான் இந்த ஆட்களிடம் சகித்துக்கொள்ள முடியாதது என்பேன். அடி வாங்கியவனே அடியைக் கேட்கவில்லை, தாளத்தைக் கேட்டான். இடி நாடாப்பெட்டியின் மேல் 'பல்' என்று எழுதினான். நெட்டைக்கே சிரிப்பு வந்து, சிரித்ததில் உதடு மறுபடி பிளந்தது. மறுநாள் பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பஞ்சு கூடப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நெட்டை அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவர்களுக்குள் அது முடிந்துவிட்டது.

வீட்டில், விலாவில் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள். "படியில வழுக்கிட்டேன்" என்றான். அவள் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் பாட்டை ஒரு கேசட்டில் பதிந்து எடுத்து வந்தான். அவள் சமையலறை மேஜையில் யாருடைய சட்டைக்கோ காலர் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் டேப் ரிக்கார்டரை அவள் பக்கத்தில் வைத்தான். முப்பது வருஷத்தில் தன்னுடைய எதையும் இத்தனை ஆசையாக யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. அவன் மூளையில் அது இன்னமும் அடி இல்லை, ஒன்று. அறிவுகெட்டவன் என்று சொல்லலாம். வாத்தியக்காரன் என்றும் சொல்லலாம்.

பொத்தானை அழுத்தினான். எண்ணிக்கை. பிறகு அந்தச் சத்தம்.

அவள் கையிலிருந்த பிரிகத்தி தரையில் விழுந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறின. அவள் கை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"யார அடிச்சீங்க?"

"அது டிரம்ஸ்மா. இடி ஒரு புது மாதிரி..."

"டிரம்ஸுக்கு மூச்சு நிக்குமா? பின்னால ஒரு மூச்சு கேக்குது. எனக்கு அந்த மூச்சு தெரியும்ங்க. நான் அத விட்டிருக்கேன்." அவள் அவன் விலாப் பக்கம் பார்த்தாள். "படியில வழுக்கிட்டேன். ஆறு வருஷம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் நான் சொன்னது அது. என் பொய்ய என்கிட்டயே சொல்றீங்க."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே அழுதான். தாடையைப் பிடித்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் பிரித்த காலரை எடுத்து மடித்து வைத்தாள். கிளம்பிவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனால் ஒன்பது வருஷம் ஒரு கதவுகூடப் படாரென்று சாத்தாத வீட்டை விட்டுப் போவது லேசில்லை.

"அன்னிக்கு ஏதோ வெறி. நெட்டைத் தம்பி மன்னிச்சா நான் யாரு?" என்றாள். "ஆனா அதப் போய் ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டப் போறீங்களே, அத என்னால தாங்க முடியாது. ஒருத்தன் அடி வாங்கின சத்தத்துக்கு நாலு பேரு ஆடணுமா? அத வெட்டிட்டு வாங்க. நான் இருந்துடறேன். வெட்டலைன்னா நான் இருக்க மாட்டேன். அவ்வளவுதான்."

மறுநாளே அவன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனான். வெட்டத்தான் போனான், அதில் சந்தேகம் வேண்டாம். அம்மாள் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, வெள்ளைப் பென்சிலால் இரண்டு கோடு போட்டார். நடுவில் விரல்கடை அகலம்கூட இல்லாத துண்டு. "முதல்ல நகல்ல வெட்டிப் பாக்கலாம். அசலத் தொட்டா திரும்ப வராது" என்றார். சவர பிளேடால் வெட்டி ஒட்டிப் போட்டுக் காட்டினார். பாட்டு இரண்டில் ஆரம்பித்து, வாசல் தெரியாமல் ஜன்னல் வழியாக நுழைந்த விருந்தாளி மாதிரி வந்தது. அந்த இடத்தில் டிரம்ஸ் தட்டு ஒன்றை ஒட்டினார்கள். செத்த சத்தம். பஞ்சுவின் கிட்டாரை ஒட்டினார்கள். அதே மயிரிழை பின்னால்.

இடியும் நெட்டையும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் நெட்டைக்குக் கோபம் வந்துவிட்டது. கன்னம் இன்னும் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது.

"அண்ணே, அடிச்சது நீங்க, வாங்கினது நானு. எனக்கே ஒண்ணும் இல்ல, அண்ணிக்கு என்ன? என் பல்லு போனது போகட்டும். வீணாப் போகக் கூடாது."

"உன் தங்கச்சிய விட்டுப் பேசச் சொல்லவா அவ அண்ணிகிட்ட?" என்றான் இடி.

"வேண்டாம்" என்றான் பஞ்சு. அம்மாள் பிளேடை அசல் நாடாவின் மேல் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். ஒரு சொல் போதும். அவன் மனைவியின் கோணல் மணிக்கட்டை நினைத்தான், பொத்தான் சத்தத்தை நினைத்தான், ஒன்பது வருஷத்தை நினைத்தான். நினைத்துவிட்டு, "இன்னொரு தடவை முழுசாப் போடுங்கம்மா" என்றான். போட்டார். எண்ணிக்கை வந்தது, அந்தச் சத்தம் வந்தது, அவன் முதுகெலும்பு நிமிர்ந்தது. தான் பிறந்ததிலிருந்து சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

"இருக்கட்டும்" என்றான்.

வீட்டுக்குப் போனதும் அவள் கதவைத் திறந்துகொண்டே கேட்டாள், "வெட்டியாச்சா?"

"வெட்டியாச்சு."

இவனை என்ன சொல்வது? நான் இருக்க மாட்டேன் என்று அவள் சொன்னது அவனுக்கு நினைவில்லாமல் இல்லை. அவள் கடையில் காலை முதல் மாலை வரை ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும் என்பதும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது சோறு இருக்கும், இவனிடம் அதுவும் இல்லை. ஆனால் அந்த 'வெட்டியாச்சு'க்குப் பிறகு அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவன் பார்த்தான். அது இன்னும் நாலு நாள் இருக்கட்டும் என்று நினைத்தான். எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் அவள் கல்யாணமான புதிதில் போலச் சிரித்தாள். ஒரு சாயங்காலம் அவனுடைய வலது கையை எடுத்துப் பெயர்ந்த நகத்தில் மருந்து தடவி, ஊதிவிட்டாள். அவன் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, திரும்பிப் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் மதியம் இடி ஓடி வந்தான். "மச்சான், நான் குடுத்த நாடாவ மூணு மணிக்கு ரேடியோல போடறாங்களாம்! புதுப் பாட்டு நிகழ்ச்சில முதல் பாட்டே நம்மளது!"

பஞ்சு செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கிளம்பினான். அவளை ஒரு காபிக்குக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும், நடந்துகொண்டே சொல்லிவிட வேண்டும், எப்படியாவது தன் வாயால் முதலில் சொல்லிவிட வேண்டும். அதுதான் திட்டம். பஸ்ஸுக்கு நிற்காமல் ஓடினான். விலா வலித்தது. தெருமுனைக் கடிகாரத்தில் மூன்று மணி ஆகி ஒரு நிமிஷம்.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று பெண்கள். ஒருத்தி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி தெருவைப் பார்த்த மேஜையில் குனிந்து, இடது கையால் ஒரு கோட்டின் கையை வெட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. ரேடியோவில் இடியின் குச்சிச் சத்தம் எண்ண ஆரம்பித்திருந்தது. அவன் வாயைத் திறந்தான். நாலு.

அவள் விழுந்தே விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். தலை மேஜைக்குக் கீழே போய்விட்டது, கத்தரிக்கோல் பிடித்த கை முகத்துக்குக் குறுக்கே ஏறியது. யாரும் அவளை அடிக்கவில்லை, அவளைச் சுற்றி யாருமே இல்லை. மற்ற இரண்டு பெண்களும் அதைக் கவனிக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்தவள், "அய்யோ, சூப்பரா இருக்கே!" என்று இடுப்பை அசைத்துக்கொண்டே ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கெஞ்சல் முழுக்க இருந்தது. இரண்டு கைகளையும் கும்பிடுகிற மாதிரி சேர்த்து வைத்திருந்தான். ஆனால் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்வை கீழே இறங்கி அங்கேயே நின்றது. அவனும் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கால், செருப்பு பாதி கழன்ற நிலையில், நடைபாதையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஒன்றிலும் சரியாக விழுந்தது. அவன் அதை நிறுத்தப் பார்த்தான். அது நிற்கவில்லை.

அவள் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு கடையின் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.